தீவனத்தில் ஃபைட்டேஸ் நொதி: கோழி எச்சத்தின் பாஸ்பரஸைக் குறைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி மாவாக்கினால் சத்து உடம்பில் ஒட்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் ஒரு வேதியியல் இருக்கிறது. தானியங்களும் பருப்பு வகைகளும் தங்களுக்கு வேண்டிய பாஸ்பரஸின் பெரும்பகுதியை ஃபைட்டிக் அமிலம் என்ற வடிவில் விதைக்குள் பூட்டி வைத்திருக்கின்றன. விதை முளைக்கத் தொடங்கும்போது அதனுள்ளேயே இருக்கும் ஃபைட்டேஸ் என்ற நொதி செயல்பட்டு அந்தப் பூட்டைத் திறந்துவிடுகிறது. இதே நொதியைத் தொழிற்சாலையில் நுண்ணுயிர்களைக் கொண்டு உற்பத்தி செய்து கோழித் தீவனத்திலும் பன்றித் தீவனத்திலும் கலப்பதைப் பற்றியதே இக்கட்டுரை. சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் தீவனக் கலவை, பண்ணை மேலாண்மை ஆகிய துறைகளில் பணிபுரியும் தமிழர்களையும், அத்துறையில் பயிலும் மாணவர்களையும் மனத்தில் கொண்டு எழுதுகிறேன்.

ஃபைட்டிக் அமிலத்தின் ஒரு மூலக்கூற்றில் இனோசிட்டால் என்னும் வளையத்தைச் சுற்றி ஆறு பாஸ்பேட் தொகுதிகள் அமைந்திருக்கின்றன. மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு போன்ற தாவரத் தீவனப் பொருள்களில் உள்ள மொத்தப் பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த வடிவில்தான் இருக்கிறது. கோழிக்கும் பன்றிக்கும் குடலில் சுரக்கும் ஃபைட்டேஸ் மிகக் குறைவு என்பதால், உள்ளே போன ஃபைட்டேட் (ஃபைட்டிக் அமிலத்தின் உப்பு வடிவம்) பெரும்பாலும் அப்படியே எச்சத்தில் வெளியேறுகிறது. விலங்குக்குப் பாஸ்பரஸ் போதாமல் போகுமே என்று டைகால்சியம் பாஸ்பேட்டை (தீவன ஆலைகளில் டிசிபி என்பார்கள்) மூட்டை மூட்டையாகச் சேர்க்கிறோம். அதிலும் ஒரு பகுதி எச்சத்தோடு போகிறது. இப்படி ஒரே தீவனத்தில் பாஸ்பரஸ் மிகையாகவும் இருக்கிறது, விலங்குக்குக் கிடைக்காமலும் இருக்கிறது.

வெளியேறும் பாஸ்பரஸ் நன்னீரில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு, 1973இல் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 226 என்று எண்ணிடப்பட்ட ஏரியில் செய்யப்பட்ட சோதனையே போதுமான சான்று. அந்த ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் கரிமத்தையும் நைட்ரஜனையும் சேர்த்து, ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பக்கம் மட்டும் பாசி படர்ந்து பச்சையானது.

நில மேற்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை நீர்ப்பிடிப்புப் பகுதியாக வைத்திருக்கும் சிங்கப்பூருக்கு இது பாடப்புத்தகச் செய்தியாக இருந்ததில்லை. 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்த சிங்கப்பூர் ஆறு, காலாங் படுகை தூய்மைப் பணியின்போது ஆற்றோரப் பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. 1984இல் பன்றி வளர்ப்பையே படிப்படியாகக் கைவிடுவதாக அரசாங்கம் அறிவித்தது. இன்று எஞ்சியிருப்பவற்றில் முக்கியமானவை முட்டைப் பண்ணைகள். நாம் உண்ணும் முட்டைகளில் அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அவை தருகின்றன. பண்ணைகள் நிறைந்த லிம் சூ காங் வட்டாரத்தைச் சுற்றிலும் கிராஞ்சி, சரிம்புன், முரை நீர்த்தேக்கங்கள் இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். அக்கரையில் ஜோகூர் ஆற்றிலிருந்து 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 250 மில்லியன் காலன் வரை நாம் நீர் எடுக்கலாம் என்பதால், அங்குள்ள பண்ணைகளின் எச்சமும் நமக்கு அயலார் விவகாரமன்று.

முதற்படி: எந்த விலங்குக்கு என்று முடிவு செய்தல்

ஃபைட்டேஸ் ஒற்றை வயிறு கொண்ட விலங்குகளுக்கு உரியது: முட்டைக் கோழி, இறைச்சிக் கோழி, வாத்து, பன்றி. மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் தாமே ஃபைட்டேஸைச் சுரந்து ஃபைட்டேட்டை உடைத்துவிடுவதால் அவற்றுக்குப் பொதுவாக இந்த நொதி தேவைப்படுவதில்லை. ஒரு காலத்தில் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் மாடு வைத்துப் பால் கறந்த நம் முன்னோர்கள் தவிட்டையும் புண்ணாக்கையும் ஊறவைத்துக் கொடுத்தே சமாளித்தார்கள் என்றால், பாதி வேலையை மாட்டின் வயிறே செய்துகொடுத்தது. ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவரிடம் யாராவது இந்த நொதியை விற்க வந்தால் வாங்க வேண்டாம். மீன் தீவனத்திலும் ஃபைட்டேஸ் பயன்படுகிறது. ஆயினும் மீனின் உடல் வெப்பநிலை, வயிறு உள்ள இனமா இல்லாத இனமா என்பவற்றைப் பொறுத்து அதன் பயன் பெரிதும் மாறுவதால் அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

இரண்டாம் படி: இப்போதைய தீவனத்தின் கணக்கு

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே நொதி வாங்கப் போகிறவர்களே அதிகம். அதனால் இதை ஒரு முட்டைக் கோழித் தீவனத்தை எடுத்துக்கொண்டு முழுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

தீவனத்தில் மக்காச்சோளம் 58 விழுக்காடு, சோயாப் புண்ணாக்கு 24, அரிசித் தவிடு 5 என்றும், எஞ்சியது சுண்ணாம்புக்கல், எண்ணெய், டிசிபி, பிரிமிக்ஸ் (வைட்டமின்களும் தாதுக்களும் அடங்கிய முன்கலவை) முதலியவை என்றும் கொள்வோம். மக்காச்சோளத்தில் மொத்தப் பாஸ்பரஸ் சுமார் 0.27 விழுக்காடு, அதில் ஃபைட்டேட் வடிவில் 0.20, சோயாப் புண்ணாக்கில் 0.65, ஃபைட்டேட் வடிவில் 0.40, அரிசித் தவிட்டில் ஏறத்தாழ 1.6, ஃபைட்டேட் வடிவில் 1.2. இவற்றைப் பங்கிட்டுக் கூட்டினால் தாவரப் பொருள்களிலிருந்து மட்டும் 0.39 விழுக்காடு மொத்தப் பாஸ்பரஸும், அதனுள் 0.27 விழுக்காடு ஃபைட்டேட் பாஸ்பரஸும் வருகின்றன. ஒரு டன்னுக்கு 11.5 கிலோ டிசிபி சேர்க்கிறோம் என்றால், அதில் 18 விழுக்காடு பாஸ்பரஸ் என்ற கணக்கில் இன்னும் 0.21 விழுக்காடு சேர்ந்து மொத்தம் 0.60 ஆகிறது. ஃபைட்டேட் அல்லாத, அதாவது கோழிக்குக் கிடைக்கக்கூடிய, பாஸ்பரஸ் 0.33 விழுக்காடு.

இந்த எண்களில் முக்கியமானது 0.27. நொதி வேலை செய்வதற்கான கச்சாப்பொருள் அதுதான். ஃபைட்டேட் குறைவாக உள்ள தீவனத்தில் எவ்வளவு நொதியைக் கொட்டினாலும் விடுவிப்பதற்கு ஒன்றுமிராது. தவிடு மிகுந்த தீவனத்திலோ நொதிக்கு நிறைய வேலை உண்டு. தவிட்டின் பாஸ்பரஸ் ஆலைக்கு ஆலை, எண்ணெய் எடுத்ததா எடுக்காததா என்பதைப் பொறுத்து மாறும் ஆகையால், அட்டவணை எண்ணை நம்பாமல் ஆய்வகத்தில் சோதித்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: நொதியைத் தேர்ந்தெடுத்தல்

ஃபைட்டேஸ் புதிய கண்டுபிடிப்பு அன்று. 1907இலேயே ஜப்பானிய ஆய்வாளர் சுசுகியும் அவருடைய குழுவினரும் அரிசித் தவிட்டில் அதைக் கண்டறிந்தார்கள். ஆனால் தீவனத்துக்கான வணிகப் பொருளாக அது வந்தது 1991இல், பன்றி எருவாலும் கோழி எருவாலும் திணறி அதற்கென்று கடுமையான சட்டங்களைக் கொண்டுவந்த நெதர்லாந்தில். அந்த முதல் தலைமுறை, ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையிலிருந்து வந்தது. பின்னர் ஈ.கோலை, பியூட்டியாக்செல்லா, சிட்ரோபேக்டர் ஆகிய பாக்டீரியாக்களை மூலமாகக் கொண்டவை வந்தன. இரைப்பையின் அமிலச் சூழலையும் பெப்சின் நொதியின் தாக்குதலையும் தாங்குவதில் இவற்றுள் பல, பூஞ்சை வகையைவிட வலுவானவை.

பொட்டலத்தின் மேல் எஃப்டியு என்ற அலகில் வீரியம் எழுதியிருக்கும். 37 பாகை செல்சியசில், பிஹெச் 5.5 அளவில், சோடியம் ஃபைட்டேட்டிலிருந்து நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் பாஸ்பேட்டை விடுவிக்கும் நொதி அளவே ஓர் எஃப்டியு. கோழியின் வயிற்றிலும் அரைப்பையிலும் பிஹெச் அளவு அதைவிடத் தாழ்ந்தது. ஆகவே ஆய்வகத்தில் சம வீரியம் காட்டும் இரண்டு நொதிகள் கோழிக்குள் சமமாக வேலை செய்யும் என்று கொள்வதற்கில்லை. ஓர் எஃப்டியுவுக்கு எத்தனை காசு என்று மட்டும் ஒப்பிட்டு வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. உங்கள் இனத்தில், உங்கள் வகைத் தீவனத்தில் எவ்வளவு பாஸ்பரஸை விடுவித்தது என்பதற்கான சோதனை முடிவுகளைக் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: டிசிபியை எடுத்தல்

இங்கேதான் காரியமே இருக்கிறது. நொதியைச் சேர்ப்பதால் மட்டும் எச்சத்திலுள்ள பாஸ்பரஸ் பெரிதாகக் குறைந்துவிடாது. வாய் வழியாக உள்ளே போகும் பாஸ்பரஸைக் குறைத்தால்தான் வெளியே வருவது குறையும். நொதி, அப்படிக் குறைப்பதற்கான அனுமதிச்சீட்டு மட்டுமே. நான் ஆலோசனை சொல்லச் சென்ற ஒரு தீவன ஆலையில் ஓராண்டுக்கு மேலாக நொதி சேர்த்துவந்தார்கள். டிசிபி மூட்டைக் கணக்கோ ஒரு கிலோகூடக் குறையவில்லை. "எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம், சார்" என்றார் கலவைப் பிரிவு மேற்பார்வையாளர். அப்படி விடுவது வீண் செலவோடு நிற்பதில்லை. தேவைக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கும் தீவனத்தில் நொதியும் சேரும்போது, பூட்டியிருந்த ஃபைட்டேட் உடைந்து, எச்சத்தில் நீரில் கரையக்கூடிய பாஸ்பேட்டின் பங்கு கூடிவிடலாம். மழைநீரோடு முதலில் ஓடுவது அந்தக் கரையும் பகுதிதான்.

நொதி தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு வீரியத்துக்கும் எவ்வளவு பாஸ்பரஸை ஈடாகக் கணக்கில் வைக்கலாம் என்று ஓர் அட்டவணை தருவார்கள். முட்டைக் கோழித் தீவனத்தில் ஒரு கிலோவுக்கு 300 முதல் 500 எஃப்டியு சேர்த்து, 0.10 முதல் 0.15 விழுக்காடு வரை பாஸ்பரஸை ஈடாகக் கொள்வது வழக்கமான எல்லை. நம் எடுத்துக்காட்டில் 0.12 என்று வைத்துக்கொள்வோம். 0.27 விழுக்காடு ஃபைட்டேட் பாஸ்பரஸில் பாதிக்கும் குறைவாகவே நொதியிடம் கேட்கிறோம் என்பதால் இது நிதானமான கணக்கே. இதன்படி டன்னுக்கு 11.5 கிலோவாக இருந்த டிசிபியை 4.8 கிலோவாகக் குறைக்கலாம். மொத்தப் பாஸ்பரஸ் 0.60லிருந்து 0.48 விழுக்காடாக இறங்கும். கோழிக்குக் கிடைப்பதோ பழைய 0.33 விழுக்காடாகவே இருக்கும்.

ஒரு இலட்சம் கோழிகள், தலைக்கு நாளொன்றுக்கு 110 கிராம் தீவனம் என்றால் மொத்தம் 11 டன். முன்பு அதில் 66 கிலோ பாஸ்பரஸ் உள்ளே போயிற்று. நாளுக்கு 90,000 முட்டைகள், முட்டைக்கு ஏறத்தாழ 0.12 கிராம் பாஸ்பரஸ் என்ற கணக்கில் 11 கிலோ முட்டையோடு வெளியேற, 55 கிலோ எச்சத்தில் சேர்ந்தது. இப்போது உள்ளே போவது 53 கிலோ; எச்சத்தில் சேர்வது 42 கிலோ. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 4.8 டன் பாஸ்பரஸ். டிசிபியோ நாளொன்றுக்கு 73 கிலோ மிச்சமாகிறது. நொதியின் விலையையும் டிசிபியின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சுற்றுச்சூழலைப் பற்றிக் கவலைப்படாத முதலாளியும் காது கொடுத்துக் கேட்பார்.

டிசிபியை எடுக்கும்போது அதனுடன் கால்சியமும் போய்விடுகிறது என்பதை மறக்கலாகாது. டன்னுக்கு 6.7 கிலோ டிசிபியோடு சுமார் 1.5 கிலோ கால்சியம் குறைகிறது. அதை ஈடுசெய்ய ஏறத்தாழ 4 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும். அதே சமயம், கால்சியம் கூடினால் அது ஃபைட்டேட்டுடன் பிணைந்து நொதி அணுக முடியாதபடி செய்துவிடும். முட்டைக் கோழித் தீவனத்தில் இயல்பாகவே 4 விழுக்காட்டையொட்டிக் கால்சியம் இருப்பதால் இது உண்மையான சிக்கல். இதற்கான தீர்வு, சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதியை மாவாக அல்லாமல் 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள பரல்களாகக் கொடுப்பது. மாவு உடனே கரைந்து அமிலத்தைத் தணித்துவிடும். பரல் அரைப்பையில் தங்கி மெல்லக் கரைவதால் நொதிக்கும் இடைஞ்சல் குறைவு, இரவில் ஓடு உருவாகும் நேரத்தில் கோழிக்கும் கால்சியம் கிடைக்கும்.

வேறு நொதிகளையும் சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சைலனேஸ் (தானிய நார்ப்பொருளை உடைக்கும் நொதி) முதலியவற்றின் அட்டவணையில் கூறப்படும் ஆற்றல், அமினோ அமில ஈடுகளையும் ஃபைட்டேஸின் ஈடுகளையும் அப்படியே கூட்டிவிட்டால், இல்லாத சத்தை இருப்பதாக எண்ணிக் கோழியைப் பட்டினி போட்டவர் ஆவோம்.

ஐந்தாம் படி: கலத்தலும் சூடும் சேமிப்பும்

கிராமுக்கு 5,000 எஃப்டியு வீரியமுள்ள தூளை, கிலோவுக்கு 500 எஃப்டியு கிடைக்குமாறு சேர்க்க ஒரு டன்னுக்கு 100 கிராம் போதும். ஒரு டன் தீவனத்தில் இரண்டு கைப்பிடித் தூள் சீராகப் பரவ வேண்டுமானால் நேரடியாகக் கொட்டக்கூடாது. முதலில் ஒன்றிரண்டு கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, அதைப் பெருங்கலவையில் சேர்க்க வேண்டும். கலவை இயந்திரத்தின் பல இடங்களிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தால், மாதிரிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைக் காட்டும் மாறுபாட்டுக் கெழு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்.

முட்டைக் கோழிக்குப் பெரும்பாலும் தூள் தீவனமே கொடுக்கிறோம் என்பதால் சூட்டைப் பற்றிக் கவலை குறைவு. இறைச்சிக் கோழிக்குப் பெல்லட் (அழுத்திச் செய்த தீவனக் குச்சி) தயாரிக்கும் ஆலைகளில் நீராவி 80 முதல் 90 பாகை வரை சூடேற்றும். காப்புப் பூச்சு இல்லாத நொதி அங்கேயே மாண்டுவிடும். பூச்சுள்ளதையோ வெப்பம் தாங்கும் வகையையோ வாங்க வேண்டும். இல்லையேல் பெல்லட் ஆறிய பிறகு திரவ நொதியைத் தெளிக்க வேண்டும்.

சேமிப்பில் நம் ஊர்த் தட்பவெப்பம் பெரும்பகை. திறந்த மூட்டையைக் கிடங்கில் விட்டால் புழுக்கமும் ஈரமும் வீரியத்தைத் தின்றுவிடும். கோலைன் குளோரைடும் தாதுக்களும் அடங்கிய பிரிமிக்ஸில் நொதியை முன்கூட்டியே கலந்து மாதக்கணக்கில் வைப்பதும் தவறு. குளிரூட்டிய அறையில் தனியாக வைத்து, கலக்கும் வாரத்தில் மட்டும் எடுங்கள்.

ஆறாம் படி: சரிபார்த்தல்

டிசிபியை ஒரே நாளில் முழுதாகக் குறைக்காமல், ஒரு கொட்டகையில் மட்டும் பாதியளவு குறைத்து நான்கைந்து வாரம் பார்த்து, பிறகு மீதியைக் குறைப்பதே நான் பின்பற்றும் முறை. இந்த வாரங்களில் முட்டை எண்ணிக்கை, உண்ணும் அளவு, ஓட்டின் தரம், கால் தள்ளாடும் கோழிகள், இறப்பு ஆகியவற்றைக் கொட்டகைவாரியாக எழுதி வையுங்கள். பாஸ்பரஸ் பற்றாக்குறை முதலில் காட்டுவது பசிக்குறைவையும் முட்டைச் சரிவையும்தான். கூண்டுக்குள் நிற்க மாட்டாமல் கோழி படுத்துவிடும் நிலைக்கு வந்துவிட்டால் தாமதித்துவிட்டோம் என்று பொருள். இறைச்சிக் கோழியில் கால் எலும்பைச் சாம்பலாக்கி நிறுத்துப் பார்ப்பது நம்பகமான அளவுகோல்.

கோழி தேறுவதை மட்டும் பார்த்துவிட்டு எச்சத்தைச் சோதிக்காமல் விட்டால், எந்த நோக்கத்துக்காகத் தொடங்கினோமோ அது நிறைவேறியதா என்பதே தெரியாது. மாற்றத்துக்கு முன்பும் பின்பும் எச்ச மாதிரிகளை உலர்த்தி, மொத்தப் பாஸ்பரஸ், நீரில் கரையும் பாஸ்பரஸ் ஆகிய இரண்டையும் அளவிடச் சொல்லுங்கள். முதல் எண் குறைந்து இரண்டாவது எண் உயர்ந்திருந்தால் டிசிபியை இன்னும் குறைக்க இடமிருக்கக்கூடும். தீவன மாதிரியிலும் எஃப்டியு அளவை அவ்வப்போது சோதிக்க வேண்டும். எதிர்பார்த்ததில் பாதிதான் கிடைக்கிறது என்றால் பிழை கலவையிலோ சூட்டிலோ கிடங்கிலோ இருக்கிறது.

எச்சத்தை எருவாக வாங்குபவருக்கும் இந்த எண்களைக் கொடுங்கள். கோழி எருவில் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதம் செடிகளின் தேவைக்குப் பொருந்துவதில்லை; நைட்ரஜனுக்காக அளந்து போட்டால் பாஸ்பரஸ் மிகையாகி மண்ணில் தேங்கும். நொதி சேர்த்த பண்ணையின் எருவில் அந்த மிகை குறைந்திருக்கும் என்பதால், கீரைத் தோட்டக்காரர் பழைய அளவிலேயே போட்டாலும் மண்ணில் சேர்வது குறையும்.

தவிட்டின் வரவு மாறும்போதோ, புண்ணாக்கின் தரம் மாறும்போதோ, நொதியின் நிறுவனத்தை மாற்றும்போதோ இரண்டாம் படியிலிருந்த கணக்கை மறுபடியும் போடுங்கள். தவிடு கிடைக்காமல் முழுதும் மக்காச்சோளத்துக்கு மாறும் மாதத்தில் ஃபைட்டேட் 0.27லிருந்து 0.22 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும். அந்த மாதத்தில் மட்டும் ஈட்டை 0.10 என்று வைத்துக்கொண்டு, டன்னுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக டிசிபியைத் திரும்பச் சேர்க்கலாம்.